சத்தம் வலிக்கிற பிள்ளைக்கு வீட்டில் ஓர் அமைதியான மூலை

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நமது களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)

 

வழக்கமாக இந்த நேரத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை என்று பேசுவோம். இன்றைக்கு வேறு ஒரு விஷயம். நம்முடைய குழுக்களில் சில அம்மாக்கள் மாதக்கணக்கில் கூட்டத்துக்கு வருவதில்லை. சேமிப்புப் பணத்தை மட்டும் யாரிடமாவது கொடுத்து விடுகிறார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டால், "பிள்ளையை விட்டுட்டு எங்க வர்றது? ராத்திரி முழுக்கக் கத்துறான். நாங்க யாரும் தூங்கியே நாளாச்சு" என்கிறார்கள். அப்படிப்பட்ட வீடுகளுக்கு நாங்கள் போய் உட்கார்ந்து பேசியிருக்கிறோம். அவற்றில் சில வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் இருக்கிறது. அதிலும் சத்தத்தைத் தாங்க முடியாத பிள்ளைகள். அவர்கள் நிம்மதியாகப் படுத்துத் தூங்க, நம் மாதிரி சின்ன வீடுகளில் ஓர் இடத்தை எப்படி அமைப்பது? அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

ஆட்டிசம் யார் குற்றமும் இல்லை

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே இருக்கிற ஒரு வேறுபாடு. ஒட்டுகிற நோய் இல்லை. சாமி குற்றமோ, பேய் பிசாசோ, செய்வினையோ இல்லை. பேச்சு தாமதமாகலாம். கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கலாம். ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யலாம். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரி.

1943-ல் அமெரிக்காவில் லியோ கன்னர் என்ற மருத்துவர் இதை முதன்முதலில் விரிவாக எழுதினார். அதற்குப் பிறகு பல வருடம், "அம்மா பாசம் காட்டாததால்தான் பிள்ளை இப்படி" என்று மேல்நாட்டில் படித்த மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது முழுத் தப்பு என்று பின்னால் தெளிவாகிவிட்டது. டாக்டர்கள் விட்டுவிட்ட அந்தப் பேச்சை நம்ம தெருவில் இன்னும் விடவில்லை. "வளர்க்கத் தெரியலை, செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டா" என்று இன்றைக்கும் பேசுகிறோம். முதலில் அதை நிறுத்துவோம்.

நமக்குச் சத்தம், அந்தப் பிள்ளைக்கு வலி

டெம்பிள் கிராண்டின் என்று ஓர் அம்மா அமெரிக்காவில் இருக்கிறார். 1947-ல் பிறந்தவர். ஆட்டிசம் உள்ளவர். மூன்றரை வயது வரை அவருக்குப் பேச்சு வரவில்லை. பிறகு படித்து, ஆடு மாடுகளைப் பயமுறுத்தாமல் கையாள்வது எப்படி என்று ஆராய்ந்து, கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். சின்ன வயசில் பள்ளிக்கூட மணி அடித்தால் பல் டாக்டரின் மெஷின் நரம்பில் பட்டது மாதிரி இருக்கும் என்று அவரே எழுதியிருக்கிறார்.

வேட்டுச் சத்தம் கேட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுவதை நாம் பார்த்திருக்கிறோம். அந்த மாட்டை யாரும் அடங்காத மாடு என்று சொல்வதில்லை, பாவம் மிரண்டுடுச்சு என்கிறோம். குக்கர் விசில் அடிக்கும்போது காதைப் பொத்திக்கொண்டு சுவரில் முட்டுகிற பிள்ளையும் மிரண்டுதான் போயிருக்கிறது. அடித்தால் அடங்காது. அடிபட்ட வலியும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு அக்கா கேட்டாங்க: "அவன் மட்டும் ஓயாமக் கத்துறானே, அது அவனுக்குக் கேக்காதா?" நல்ல கேள்வி. அவன் போடுகிற சத்தம் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். வெளியில் இருந்து வருகிற சத்தம் எப்போது வந்து விழும் என்று தெரியாது. அந்தத் திடீர்ச் சத்தத்தை மறைக்கத்தான் பல பிள்ளைகள் தாங்களாகவே 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே இருக்கிறார்கள்.

முதலில் காது, பிறகு ஒரு நோட்டு

வீட்டில் எதையும் மாற்றும் முன் அரசு மருத்துவமனையில் பிள்ளையின் காதைப் பரிசோதியுங்கள். காதில் சீழ், அழுக்கு, வலி இருந்தாலும் பிள்ளை காதைப் பொத்தும். சத்தத்துக்குப் பயப்படுகிற பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்காமலும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தே வரலாம்.

அடுத்தது, நம்ம குழுவில் வரவு செலவு எழுதுகிற மாதிரி ஒரு நோட்டுப் போடுங்கள். ஒரு வாரம் போதும். மணி என்ன, என்ன சத்தம், எங்கேயிருந்து வந்தது, பிள்ளை என்ன செய்தது என்று நாலு கட்டம். எழுதத் தெரியாவிட்டால் பெரிய பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு குழு உறுப்பினர். பெயர் வேண்டாம். பையன் ராத்திரி எட்டு மணிக்கு மேல் அழ ஆரம்பிப்பான். தூங்கினாலும் விடியற்காலையில் அலறி எழுவான். ஒருநாள் அந்த இருட்டிலேயே வெளியே ஓடி, கிணற்று மேட்டில் நின்றிருக்கிறான். பக்கத்து வீட்டில் சண்டை. வீட்டுக்காரர், "காலி பண்ணிக்கங்க" என்று சொல்லிவிட்டார். பாட்டி, "எங்கயாவது ஆசிரமத்துல கொண்டு போய் விட்டுருவோம்" என்று பேச்சை எடுத்துவிட்டார். அந்த அம்மா ஒரு வாரம் நோட்டுப் போட்டார். மூன்று சத்தம்தான் திரும்பத் திரும்ப வந்தது. எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டு டிவி, அதுவும் பையன் படுக்கிற சுவரின் மறுபக்கமே வைத்திருந்தார்கள். இரண்டாவது, அவன் தலைக்கு மேலே எரிகிற பழைய டியூப் லைட்டின் சோக் 'ஙொய்' என்று இரைவது. வீட்டில் வேறு யாருக்கும் அது கேட்கவே இல்லை. மூன்றாவது, காலை 4.45-க்கு ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்ற வருகிற மில் வேனின் ஹாரன்.

டியூப் லைட்டைக் கழற்றி எல்இடி பல்பு போட்டார்கள். பையன் படுக்கையை எதிர்ச் சுவருக்கு மாற்றினார்கள். வேன் டிரைவர் அதே ஊர்க்காரர். குழுத் தலைவியும் இன்னொரு உறுப்பினரும் போய்ப் பேசினார்கள். "ஹாரன் அடிக்காதீங்க தம்பி, வந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுங்க, நாங்களே வந்து ஏறிக்கிறோம்" என்றார்கள். அவரும் ஒத்துக்கொண்டார். ஒரே நாளில் அதிசயம் நடக்கவில்லை. ஆனால் சில வாரத்தில் பையன் பெரும்பாலான நாள் ஐந்தரை மணி வரை தூங்கினான். ஆசிரமப் பேச்சு நின்றது. மொத்தச் செலவு ஒரு பல்பு.

தனி அறை இல்லாவிட்டால்?

நம்மில் பலருக்குத் தொகுப்பு வீடு, ஒரு ஹால், ஒரு அடுப்படி, அவ்வளவுதான். தனி அறைக்கு எங்கே போவது? தனி மூலை போதும். இடம் பார்க்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

தெரு வாசலுக்கும் ஜன்னலுக்கும் தூரமான மூலை. அடுப்படி, மோட்டார், குளியலறை, பக்கத்து வீட்டு டிவி ஆகியவற்றோடு ஒட்டாத சுவர். ஆட்கள் நடந்து போகிற வழியாக இருக்கக் கூடாது. காற்று வர வேண்டும்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். வெளிச் சத்தம் உள்ளே வராமல் தடுப்பது வேறு, உள்ளே எதிரொலிப்பதைக் குறைப்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் காசுதான் வீண்.

வெளிச் சத்தத்தைத் தடுப்பது கனம். பழைய மண்சுவர் வீட்டுக்குள் தெருச் சத்தம் குறைவாகக் கேட்கும், சுவர் அவ்வளவு கனம். அதனால் சத்தம் வருகிற சுவரை ஒட்டிப் பீரோ, நெல் மூட்டை, துணி நிறைந்த பெட்டி என்று கனமான சாமான்களை வையுங்கள். பிள்ளை மேல் சாயாதபடி கெட்டியாக நிற்க வேண்டும். அடுத்தது இடுக்கு. தண்ணீர் எங்கே ஓட்டையோ அங்கே கசிகிற மாதிரி, சத்தமும் கதவுக்கு அடியிலும் ஜன்னல் சட்டத்திலும் உள்ளே வரும். பழைய சேலையை உருட்டித் தைத்துக் கதவுக்கு அடியில் போடுங்கள். பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிக் கதவுச் சட்டத்தில் ஒட்டினால் இடுக்கும் அடையும், கதவு 'டமார்' என்று மோதுவதும் நிற்கும். ஆனால் எல்லாவற்றையும் அடைத்துவிடாதீர்கள். காற்று போகிற ஒரு வழி திறந்திருக்க வேண்டும். மூடிய இடத்தில் கொசுவர்த்திச் சுருளோ அடுப்போ வைக்கவே கூடாது.

எதிரொலியைக் குறைப்பது துணியும் பாயும். சிமெண்ட் தரை, டைல்ஸ், வெறும் சுவர் இருந்தால் ஒரு டம்ளர் விழுந்தாலும் 'ணங்' என்று முழங்கும். தரையில் கோரைப்பாய், அதன் மேல் ஜமுக்காளம் விரியுங்கள். சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளிக் கயிறு கட்டிப் பழைய நூல் சேலைகளை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். சின்னாளபட்டிச் சேலை கிழிந்தது இருந்தால் அதுவே போதும். பூப்போட்டது, ஜிகினா வைத்தது வேண்டாம். ஒரே நிறமாக இருந்தால் கண்ணுக்கும் இதம். மாதம் ஒரு முறை துவைத்துக் காயப் போடுங்கள், தூசியால் இளைப்பு வரக் கூடாது.

முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் சத்தம் வராது என்று பலர் சொல்கிறார்கள். வெளிச் சத்தத்தை அது தடுக்காது. பூச்சி அடையும், சீக்கிரம் தீப்பிடிக்கும். வேண்டாம்.

தகரக் கூரை மேல் மழை பெய்தால் வீடே பறை மாதிரி அதிரும். கூரைக்குக் கீழே, படுக்கைக்கு மேலே, பாயையோ கெட்டித் துணியையோ விதானம் மாதிரி கட்டினால் கொஞ்சம் தணியும். விளக்கு, வயரில் படாமல் கட்டுங்கள். கூரை சிமெண்ட் ஷீட்டாக இருந்தால் அதில் துளை போடாதீர்கள், உடைக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

வீட்டுக்குள்ளே நாம் போடுகிற சத்தம்

பாதிச் சத்தம் நம்முடையதுதான். கடகடக்கிற ஃபேனுக்கு மேலே உள்ள கிண்ணத்தையும் ஸ்குரூவையும் இறுக்கச் சொல்லுங்கள். கிரீச்சிடுகிற கதவுக்கு எண்ணெய் விடுங்கள். பாத்திரக் கூடையில் ஒரு துணி விரியுங்கள். மிக்ஸிக்கு அடியில் நாலாய் மடித்த சாக்கு போடுங்கள், முடிந்தால் கொல்லைப்புறம் கொண்டுபோய் அரையுங்கள். செல்போனை ராத்திரி அதிர்வில் வையுங்கள்.

தவிர்க்க முடியாத சத்தத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். "கண்ணு, அம்மா குக்கர் வைக்கப் போறேன். மூணு விசில் வரும், அப்புறம் நின்னுரும்." பேச்சு புரியாத பிள்ளைக்குக் குக்கர் படம் வரைந்த ஓர் அட்டையைக் காட்டலாம். திடீரென்று வருவதுதான் அதிகம் மிரட்டும். எண்ணிக்கை தெரிந்தால் கொஞ்சம் தாங்குவார்கள். எல்லாச் சத்தத்தையும் ஆயுசுக்கும் மறைக்க முடியாது. பகலில், பிள்ளை நல்ல மனநிலையில் இருக்கும்போது, தூரத்தில் இருந்து மெதுவாகப் பழக்க வேண்டும். படுக்கிற நேரத்தில் மட்டும் எந்தப் பரீட்சையும் வேண்டாம்.

படுக்கையும் தூளியும்

தினமும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே வரிசை. சாப்பாடு, குளியல், டிவி அணைப்பு, சின்ன விளக்கு, படுக்கை. விருந்தாளி வந்தாலும் அந்த மூலையை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

நாம் சொன்ன டெம்பிள் கிராண்டின், தன் உறவினர் வீட்டுப் பண்ணையில் மாடுகளைப் பக்கவாட்டில் அணைத்துப் பிடிக்கிற கூண்டைப் பார்த்தார். அதற்குள் மாடு அமைதியாவதைக் கண்டு, தனக்கும் அதே மாதிரி ஒரு அணைப்புப் பெட்டி செய்துகொண்டார். சில பிள்ளைகளுக்கு இறுக்கமான அணைப்பு அமைதி தரும். நமக்கு அதற்குத் தூளி இருக்கிறது. வளர்ந்த பிள்ளை உட்கார்ந்து ஆடுகிற மாதிரி, பலமான உத்திரத்தில், தரையில் இருந்து ஒரு முழ உயரத்துக்குள் நூல் சேலையில் கட்டலாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். ராத்திரி தனியாகத் தூளியில் தூங்க விடாதீர்கள், கழுத்தில் சுற்றிக்கொள்ளும். அணைப்பே பிடிக்காத பிள்ளையும் உண்டு, கட்டாயப்படுத்த வேண்டாம்.

கனமான போர்வை என்று விலைக்கு விற்கிறார்கள். 2014-ல் இங்கிலாந்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் நடத்திய ஓர் ஆய்வில், பல பிள்ளைகளுக்கு அந்தப் போர்வை பிடித்திருந்தது, ஆனால் தூக்க நேரம் கூடவில்லை. அதற்காகக் கடன் வாங்காதீர்கள். சின்னப் பிள்ளைக்கு அது மூச்சையும் அடைக்கும்.

மில்லில் போடுகிற காது மூடி சில நூறு ரூபாயில் கிடைக்கும். திருவிழா, வெடி நேரத்தில் நல்ல உதவி. நாள் முழுக்க மாட்டினால் காது இன்னும் கூச ஆரம்பிக்கும். காதுக்குள் பஞ்சு திணிப்பது, எண்ணெய் விடுவது கூடாது. தூங்க வைக்க இருமல் மருந்து, கடை மாத்திரை கொடுப்பதும் கூடாது. தூக்கத்துக்கு மருந்து வேண்டுமானால் டாக்டர்தான் தர வேண்டும்.

இன்னொன்று. திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் போன ஊர். ஆனால் இந்த அறைக்குப் பூட்டு வேண்டாம். பிள்ளையைத் தண்டனையாக உள்ளே தள்ளி வெளியில் தாழ் போட்டால், அப்புறம் அந்த இடத்தைப் பார்த்தாலே அலறும். அது தானாகப் போய்த் தானாக வரும் இடமாக இருக்கட்டும். தாழ்ப்பாள் தெரு வாசலுக்கு, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், பெரியவர்கள் உடனே திறக்கிற மாதிரி போடுங்கள். மிரண்டு ஓடுகிற பிள்ளை தண்ணீர்ப் பக்கம் போவது அதிகம். பக்கத்துக் கிணற்றுக்கு மூடி போடச் சொல்லி ஊராட்சியில் மனுக் கொடுங்கள்.

மீதிச் சத்தம் ஊருடையது

வீட்டுக்குள் செய்வதை அம்மா செய்துவிடுவார். வெளியில் இருக்கிற சத்தத்தை ஒரு அம்மா தனியாக நிறுத்த முடியாது. மார்கழி விடியற்காலைப் பாட்டு, தைப்பூசத்துக்குப் பழனி போகிற பாதயாத்திரை வண்டி, மாசியில் மாரியம்மன் திருவிழா, ஆடிக் கூழ், கல்யாணம், காதுகுத்து, எல்லாவற்றுக்கும் ரேடியோ செட். நாங்கள் திருவிழா வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நமக்கும் திருவிழா வேண்டும், அந்தப் பிள்ளைக்கும் தூக்கம் வேண்டும்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. வருடத்தில் 15 நாளுக்கு மேற்படாமல், திருவிழாக்களுக்காக இரவு 12 மணி வரை அரசு தளர்வு தரலாம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. சென்னையில் ஒரு குடியிருப்பில் இருந்து போன வழக்கில், அடுத்தவர் அமைதியைக் கெடுத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தீபாவளிக்கு வெடி வெடிக்க 2018 முதல் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று நேரம் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் சட்டத்தை முதலில் நீட்டினால் ஊருக்குள் பகைதான் மிஞ்சும். அந்த அம்மாவைத்தான் ஒதுக்குவார்கள். முதலில் குழுவாகப் போய்ப் பேசுங்கள். ஐந்து பேர் போனால் விழாக் கமிட்டி கேட்கும். கேட்பதும் பெரிதாக இல்லை. ஸ்பீக்கரை அந்த வீட்டுப் பக்கம் திருப்பிக் கட்ட வேண்டாம். கொட்டு, உருமி அந்தத் தெருவுக்கு வருகிற நேரத்தை முதல் நாளே சொல்லுங்கள். பத்து மணிக்கு நிறுத்துங்கள். நேரம் தெரிந்தால் அம்மா அந்த ஒரு மணி நேரம் பிள்ளையைத் தோட்டத்துக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ கூட்டிப் போவார்.

குழு செய்ய வேண்டியது

ஒன்று, அந்த அம்மா கூட்டத்துக்கு வருகிற இரண்டு மணி நேரம் பிள்ளையோடு இருக்க ஆள் முறை போடுங்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே பழகிய ஆளாக இருக்கட்டும்.

இரண்டு, கதவு, ஜன்னல், கூரை சரிசெய்யச் சிறிய உள்கடன் கேட்டால் முன்னுரிமை கொடுங்கள். அதுவும் அவசியத் தேவைதான்.

மூன்று, சான்றிதழ் எடுக்கக் கூடப் போங்கள். 1995-ம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் பரிசோதித்துத் தனித்துவ அடையாள அட்டைக்குப் பதிவு செய்யலாம். 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் 'நிராமயா' என்ற ஒரு லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடும் இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளிலும் விசாரியுங்கள். பள்ளி வயதுப் பிள்ளைக்கு வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

நாலு, படிக்கத் தெரிந்தவர்கள் எழுத்தாளர் யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம் சில புரிதல்கள்' புத்தகத்தை வாங்கிக் குழுவில் வாசித்துக் காட்டுங்கள். அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளைக்குத் தகப்பன்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் ஊரில் காதைப் பொத்திக்கொண்டு அழுகிற பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இரண்டு பேராகப் போங்கள். அறிவுரை சொல்ல வேண்டாம். அந்த அம்மாவோடு சேர்ந்து உட்கார்ந்து, ஒரு வார நோட்டை ஆரம்பித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். போகும்போது வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிடாமல், செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக உள்ளே போங்கள். அந்த நோட்டோடு நாம் அடுத்த மாதம் பேசுவோம்.